கணக்குப்பிள்ளை பதில்கள்: ‘நம் பணம் நமக்கே’

போர்ட் லூயி, ஆடி 2025

மே 22 அன்று, பிரிட்டன் சாகோஸ் தீவுகளை நம் மொரீஷியஸுக்குத் திருப்பித் தந்து, அங்குள்ள ராணுவத் தளத்துக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்கிற சாகோஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூன் 5 அன்று வரவு செலவுத் திட்டம் வந்தது. முதியோர் ஓய்வூதியத்துக்கான வயது 60லிருந்து படிப்படியாக 65க்கு ஏறும் என்றார்கள். இரண்டுக்கும் நடுவே பதினான்கு நாள். இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பதினான்கு நாளைப் பற்றித்தான். மற்றவற்றைக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் தினமும் கைபேசியில் அமெரிக்க, இங்கிலாந்துப் பேச்சாளர்களைக் கேட்கிறான். “நம் நாடு முதலில். வெளிநாட்டுக்கு ஒரு காசு கிடையாது. ஆள்பவன் எல்லாம் திருடன்.” சமைத்துக்கொண்டே கேட்கிற எனக்கும் அது சரி என்று படுகிறது. நான் நினைப்பது தப்பா, ஐயா?
*வாசகி, வாக்வா*

பதில்: தப்பில்லை அம்மா. பாதி எனக்கும் சரியென்றுதான் படுகிறது. எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

இந்தப் பேச்சு புதிதல்ல. 1992இல் பேட் புக்கானன் என்பவர் தன் கட்சியின் அதிபரையே எதிர்த்து ‘அமெரிக்கா முதலில்’ என்று கிளம்பினார். டெக்சாஸின் ரான் பால், வெளிநாட்டு உதவியும் வேண்டாம், வெளிநாட்டுப் போரும் வேண்டாம் என்றே ஆயுள் முழுவதும் பேசினார். 2002இல் இராக் போருக்கு அனுமதி கேட்டபோது எதிர்த்து வாக்களித்தார். அவர் மற்ற கொள்கைகள் எனக்கு ஒத்துவராது. ஆனால் அந்த ஒரு வாக்குக்கு நான் தலைவணங்குகிறேன். 2001இல் ஆப்கானிஸ்தானுக்கும் 2003இல் இராக்குக்கும் குண்டு ஏற்றிக்கொண்டு விமானங்கள் கிளம்பியது தியேகோ கார்சியாவிலிருந்து. நம் சாகோஸ் தீவுக்கூட்டத்தின் பவளத்திட்டு அது. நம்மை ஒருவரும் கேட்கவில்லை. ‘அடுத்தவன் சண்டைக்கு ஏன் போகிறாய்’ என்று அந்த நாட்டிலேயே ஒருவன் எழுந்து கேட்டால், அவன் எந்தக் கட்சியாக இருந்தாலும் நமக்கு வேண்டியவன்.

ஊழல் பற்றிப் பேசுகிறார்களே, அங்கேதான் நான் நின்று பார்க்கிறேன். இருபத்தொன்பது வருடம் துறைமுகப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதினேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். 1991இல் ஒரு கன்டெய்னர் வந்தது. காகிதத்தில் பழைய துணி என்று இருந்தது. திறந்தால் பெட்டி பிரிக்காத புது டிவிகள். மேலிடத்திலிருந்து போன், விட்டுவிடு என்று. சரி, ‘வாய்மொழி உத்தரவின்படி’ என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். எழுதாதே என்றார்கள். எழுதினேன். மூன்றாவது வாரம் என்னை ஜன்னல் இல்லாத அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். அன்றிலிருந்து யார் நேர்மை பேசினாலும் எனக்கு ஒரே அளவுகோல்தான்: தன் உத்தரவைத் தானே எழுதிவைக்கச் சம்மதிக்கிறானா?

அதை வைத்துப் பாருங்கள். டிரம்ப் 2016இல் தலைநகரத்துச் சாக்கடையை வடித்துவிடுவேன் என்று வந்தார். 2025 ஜனவரியில் மறுபடி பதவியேற்ற முதல் வாரத்திலேயே, அரசுத் துறைகளுக்குள் உட்கார்ந்து திருட்டைப் பிடிக்கிற தலைமைத் தணிக்கையாளர்களில் சுமார் பதினேழு பேரை ஒரே இரவில் வெளியேற்றினார். வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் வீண்செலவு என்றார். இருந்திருக்கும். ஆனால் சலித்துக் கல்லைப் பொறுக்கவில்லை, முறத்தோடு அரிசியையும் கொட்டிவிட்டார்கள். ஜூலை 1இலிருந்து அந்த நிறுவனம் இல்லை.

உங்கள் மகனிடம் சண்டை போடாதீர்கள் அம்மா. அவன் கோபம் நியாயமானது. அவன் கேட்கிற பேச்சாளர் தன் பக்கத்துக் கணக்கை எப்போதாவது கேட்டிருக்கிறாரா என்று மட்டும் அவனைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரிட்டன் கோடிகோடியாகக் கொடுக்கப்போகிறது. அப்படியிருக்க எங்கள் ஓய்வூதியத்தை ஏன் ஐந்து வருடம் தள்ளுகிறார்கள்? எனக்கு 58 வயது. பதினைந்து வயதிலிருந்து கரும்பு வெட்டியவன்.
*வாசகர், ரிவியேர் தே ஆங்கீய்*

பதில்: அண்ணா, உங்கள் முதுகுக்கு 60 என்பதே அதிகம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் அடங்கவில்லை. மேசையில் உட்கார்ந்து சம்பாதித்தவனும் வெயிலில் குனிந்து சம்பாதித்தவனும் ஒரே வயதில் ஓய்ந்துபோவதில்லை.

முதலில் தொகையைச் சொல்கிறேன். ஒப்பந்தப்படி, முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 16.5 கோடி பவுண்டு. அடுத்த பத்து வருடம் ஆண்டுக்கு 12 கோடி. அதன்பின் விலைவாசிக்கு ஏற்ப. 99 வருடத்துக்குச் சராசரி, இன்றைய மதிப்பில், ஆண்டுக்கு 10.1 கோடி பவுண்டு. நம் காசில் சுமார் 600 கோடி ரூபாய். முதல் மூன்று வருடத்துப் பணம் நாட்டின் கடனுக்குப் போகும் என்கிறார்கள். கடனோ நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல். கடன் அடைப்பது குற்றமில்லை. என் வீட்டிலும் அதைத்தான் முதலில் செய்வேன். ஆனால் அந்தப் பணம் பொதுக் குளத்தில் கலந்துவிட்டால் எந்தச் செம்புத் தண்ணீர் எங்கே போனது என்று எவனாலும் சொல்ல முடியாது. தனிக் கணக்கு வேண்டும். வந்த தேதி, வந்த தொகை, அடைத்த கடன், மீதி. நான்கே நான்கு பத்தி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாளிதழில் வரட்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இதே நேரத்தில் இங்கிலாந்தில் வலதுசாரித் தலைவர் நைஜல் ஃபராஜின் கட்சியினரும் கன்சர்வேடிவ் கட்சியினரும் உங்கள் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கிழவிகளுக்குக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றக் கொடுத்த உதவியை வெட்டிவிட்டு, மொரீஷியஸுக்கு ஏன் வாரிக் கொடுக்கிறாய் என்கிறார்கள். குளிரில் நடுங்கும் அந்தக் கிழவி மேல் எனக்குப் பகை இல்லை. அவள் கேட்பதும் தன் பணம் எங்கே என்றுதான். ஆனால் அவளிடம் பேசுகிறவர்கள் முழுக் கதையையும் சொல்வதில்லை. இந்தப் பேச்சுவார்த்தையை 2022 நவம்பரில் தொடங்கி வைத்ததே கன்சர்வேடிவ் அரசாங்கம். 2019 பிப்ரவரி 25 அன்று ஹேக் நகரத்து உலக நீதிமன்றம் சாகோஸைப் பிரித்தெடுத்தது சட்டப்படி செல்லாது என்று கருத்துச் சொன்னது. மூன்று மாதம் கழித்து ஐநா பொதுச்சபையில் 116 நாடுகள் நம் பக்கம், 6 எதிர்ப்பக்கம். அதையெல்லாம் விட்டுவிட்டு, ‘தானம் கொடுக்கிறோம்’ என்று அவளை நம்பவைக்கிறார்கள். இது தானம் இல்லை. குடியிருக்கிற வீட்டுக்கு வாடகை.

டிரம்ப் இந்த ஒப்பந்தத்தைத் தடுத்துவிடுவார் என்று ஃபராஜ் கூட்டம் நம்பியிருந்தது. பிப்ரவரியில் பிரிட்டன் பிரதமர் ஸ்டார்மர் பக்கத்தில் உட்கார்ந்து டிரம்ப், ஒத்துப்போகலாம் என்கிற பாணியில் பேசிவிட்டார். இரண்டு பேரும் ‘என் நாடு முதலில்’ கட்சிதான். ஆனால் ஒருவருக்குக் கொடி முக்கியம், மற்றவருக்கு விமான ஓடுபாதை முக்கியம்.

கேள்வி: லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் சட்டத்தையே அமெரிக்கா நிறுத்திவிட்டதாமே? நிஜமா?
*கல்லூரி மாணவர், ரோஸ் ஹில்*

பதில்: நிஜம்தான் தம்பி. முழுதாக நீக்கவில்லை. அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பது குற்றம் என்று 1977இல் அவர்கள் சட்டம் போட்டார்கள். அந்த விஷயத்தில் உலகத்துக்கே முன்னால் நின்றார்கள். 2025 பிப்ரவரி 10 அன்று டிரம்ப் அதைச் செயல்படுத்துவதை 180 நாள் நிறுத்திவைத்தார். காரணத்தைப் படித்துப் பாருங்கள்: அந்தச் சட்டம் தங்கள் நிறுவனங்களின் போட்டித்திறனுக்கும் தங்கள் வெளியுறவுக் கொள்கைக்கும் இடைஞ்சலாம். ஜூனில் புதிய விதிமுறைகளோடு மறுபடி தொடங்கினார்கள். இப்போது அமெரிக்க நிறுவனத்துக்கு நஷ்டம் வருகிற லஞ்சத்துக்கே முதலிடம்.

நம் ஊருக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். போர்ட் லூயியின் செயின்ட் லூயி மின்நிலையத்தை நினைத்துப் பாருங்கள். அந்தத் திட்டத்தில், ஒரு டென்மார்க் நிறுவனத்தின் ஆட்கள் இங்குள்ள இடைத்தரகர்கள் வழியாக நிர்வாகத்தில் இருந்தவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள் என்று 2020 ஜூனில் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி சொன்னது. இங்கே துணைப் பிரதமரின் பதவி போயிற்று. தான் குற்றமற்றவர் என்றே அவர் சொல்லிவந்தார். நான் கவனிக்கச் சொல்வது வேறு. அந்த விஷயம் எங்கிருந்து வெளியே வந்தது? நம் காவல் நிலையத்திலிருந்து அல்ல. கொடுத்தவன் பக்கத்தில் யாரோ கோப்பைத் திறந்தார்கள். இரண்டு கை சேர்ந்தால்தான் லஞ்சம். வாங்குகிற கை நம்முடையதாக இருக்கும்போது, கொடுக்கிற கையைப் பிடிக்கிற சட்டம்தான் சின்னத் தீவுக்காரனுக்குக் காவல். அந்தச் சட்டத்தைத் தளர்த்திவிட்டு ஊழலை ஒழிக்கிறேன் என்று மேடையில் சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: ஸோன் ஃபிரான்ஷ் என்கிற ஏற்றுமதித் தொழிற்பேட்டையில் சட்டை தைக்கிறேன். ஏப்ரலில் 40 சதவீத வரி என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள். நாங்கள் அமெரிக்காவுக்கு என்ன செய்தோம்?
*வாசகி, கூர்ப்பீப்*

பதில்: ஒன்றும் செய்யவில்லை தாயே. நாம் அவர்களுக்கு விற்றது அதிகம், அவர்களிடம் வாங்கியது குறைவு. அந்த வித்தியாசத்தை வகுத்து ஒரு வாய்ப்பாடு போட்டு 40 என்று எழுதினார்கள். ஏப்ரல் 9 அன்று தொண்ணூறு நாளுக்குத் தள்ளிவைத்து 10 சதவீதம் ஆக்கினார்கள். 2000இல் ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கொடுத்த வரிச்சலுகைச் சட்டத்தின் கெடு 2025 செப்டம்பர். அந்தச் சலுகை நீடிக்குமா என்பதுதான் உங்கள் தையல் மெஷினின் கேள்வி. வேலை நேரச் சீட்டு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஆள் குறைக்கிற நாள் வந்தால் அதுதான் பேசும்.

கேள்வி: முன்னாள் நிதியமைச்சரைக் கைது செய்தார்கள். நம் தமிழர். எத்தனை பேர் தின்றார்கள், நம் ஆளை மட்டும் பிடிக்கிறார்கள். இதை ஏன் நீங்கள் எழுதுவதில்லை?
*வாசகர், கத்ர் போர்ன்*

பதில்: எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

ஏப்ரலில் அவர் கைதானது உண்மை. வழக்கு முடியவில்லை, ஆகவே குற்றவாளி என்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லவேண்டாம். ‘நம் ஆளை மட்டும்’ என்பது உண்மையில்லை. பிப்ரவரியில் முன்னாள் பிரதமர் பிரவிந்த் ஜக்நாத்தும் கைதாகி ஜாமீனில் வந்தார். சோதனையில் பணம் நிறைந்த வலீஸ் பெட்டிகள் எடுத்தார்கள் என்று நாடே பார்த்தது. அதற்குப் பத்து வருடம் முன்பு, 2015இல், இன்றைய பிரதமர் நவீன் ராம்கூலம் வீட்டுப் பெட்டகங்களில் 22 கோடி ரூபாய்ப் பணம் எடுத்ததையும் பார்த்தோம். அந்த வழக்கில் அவர் தண்டிக்கப்படவில்லை. 2018இல் ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த வங்கி அட்டையில் சொந்தச் செலவு செய்த விவகாரத்தில் குடியரசுத் தலைவரே பதவி விலகினார். இதில் இந்து, முஸ்லிம், தமிழர் என்று ஏதாவது வரிசை தெரிகிறதா?

‘நூ பான்’ என்று இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்கிறோமே, ‘நம்ம ஆளுங்க’, அந்த இரண்டு சொல்தான் இந்தத் தீவில் திருடனுக்குக் கிடைத்த மிகப் பெரிய குடை. 1998இல் ரூபாய் நோட்டில் தமிழெழுத்தைப் பின்னால் தள்ளியபோது நாம் ஒன்றாக நின்றோம், நோட்டையே திரும்ப வாங்கவைத்தோம். அது மானப் பிரச்சினை. நானும் நடந்தேன். அந்த ஒற்றுமையை ஒருவருடைய வங்கிக் கணக்கைக் காக்க எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

எங்கள் கோவில் சங்கத்தில் எட்டு வருடம் பொருளாளராக இருந்தேன். ஒரு தேர்தல் சமயம், காவடித் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு கட்சியின் ஏஜென்ட் இருபது டின் பெயின்டும் சமையலுக்கு அரிசி மூட்டையும் இறக்கினார். ரசீது யார் பெயரில் போடட்டும் என்றேன். சிரித்தார். முருகனுக்குக் கொடுத்ததற்கு ரசீதா என்றார். முருகன் வாக்குப் போடமாட்டார் ஐயா, அதனால்தான் கேட்கிறேன் என்றேன். அரிசி மூட்டை திரும்பி வண்டியேறியது. அன்று என்னைத் திட்டியவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் இல்லை. ‘நூ பான்’தான். அடுத்த கூட்டத்தில் என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். இன்றும் அந்த வழியாகப் போகும்போது வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

கேள்வி: 60க்கு 60 வென்று புது அரசு வந்துவிட்டது. இனி சுத்தமாக இருக்குமா?
*வாசகர், மாஹெபூர்க்*

பதில்: எதிரில் விரல்விட்டு எண்ணுகிற ஆட்களே உட்காருகிற சபை எனக்கு நிம்மதி தரவில்லை. 2024 அக்டோபரில் ஒட்டுக்கேட்ட உரையாடல்கள் இணையத்தில் கசிந்தன. பழைய அரசு நவம்பர் 1 அன்று சமூக வலைத்தளங்களையே மூடப் பார்த்தது. ஊர் கொதித்ததும் மறுநாளே திறந்தார்கள். நவம்பர் 10 அன்று மக்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தக் கோபத்தில் வந்தவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இந்த 2025 ஆடி வரை கொண்டுவரவில்லை. அதைப் போடட்டும், பிறகு உங்கள் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நம் அகலேகா தீவில் இந்தியா ஓடுபாதை கட்டியது நமக்கு நல்லதுதானே? தாய்நாட்டைச் சந்தேகிக்கலாமா?
*வாசகர், போ பாசேன்*

பதில்: என் பாட்டனாரின் ஊர் இந்தியாவில்தான். அந்தப் பாசம் என்னிடம் குறையவில்லை. நான் சந்தேகிப்பது இந்தியாவை அல்ல, மூடிய உறையை. 2015இல் கையெழுத்தானது, 2024 பிப்ரவரி 29 அன்று மூன்று கிலோமீட்டர் ஓடுபாதை திறந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த ஒப்பந்தம் முழுதாக நம் நாடாளுமன்றத்தின் மேசைக்கு வரவில்லை. அங்கே வாழ்வது சுமார் முந்நூறு பேர். தங்கள் தென்னந்தோப்புக்கு நடுவே என்ன எழுகிறது என்று அவர்கள் விமானத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

மூடிய உறை என்ன செய்யும் என்பதை நாம் ஒருமுறை பட்டாயிற்று. 1965 நவம்பரில் சாகோஸை நம்மிடமிருந்து வெட்டினார்கள். நமக்கு 30 லட்சம் பவுண்டு. சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சின் நடுவிலேயே அதை முடித்தார்கள். பிறகு அமெரிக்கா பிரிட்டனுக்கு ஏவுகணை விலையில் 1.4 கோடி டாலர் தள்ளுபடி கொடுத்தது. காசாகக் கைமாறாததால் அது எந்த வரவிலும் வரவில்லை. லண்டன் நாடாளுமன்றத்துக்கும் சொல்லவில்லை, அமெரிக்க காங்கிரஸுக்கும் சொல்லவில்லை. 1975 வாக்கில்தான் வெளியே வந்தது. அமெரிக்க வலதுசாரி மேடைகளில், ‘மக்களைக் கேட்காமல் வெளியுறவு அதிகாரிகள் கதவடைத்து முடிவு செய்கிறார்கள்’ என்று சொல்லும்போது நான் தலையாட்டுவது இதனால்தான். கதவு வாஷிங்டனில் திறந்திருக்கவேண்டும் என்றால் போர்ட் லூயியிலும் திறந்திருக்கவேண்டும், புதுதில்லி உள்ளே உட்கார்ந்திருந்தாலும்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சாகோஸ் கிரான்மேர், அதாவது பாட்டி, இருக்கிறார். தியேகோ கார்சியாவில் பிறந்தவர். தினம் என் குழந்தைகளுக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பார். இந்தப் பணத்தில் அவருக்கு ஏதாவது வருமா?
*வாசகி, ரோஷ் புவா*

பதில்: மகளே, எல்லாக் கடிதத்திலும் உன்னுடையதைத்தான் இரண்டு முறை படித்தேன்.

1968க்கும் 1973க்கும் நடுவில் அவர்களை, சுமார் 1,500லிருந்து 2,000 பேரை, தீவிலிருந்து அகற்றினார்கள். பலரை நம் துறைமுகத்தில்தான் இறக்கினார்கள். 1972இல் அவர்களுக்காக என்று பிரிட்டன் நம் அரசிடம் 6,50,000 பவுண்டு கொடுத்தது. அது அவர்கள் கைக்கு 1977, 78இல்தான் வந்தது. அதற்குள் விலைவாசி அதைத் தின்றிருந்தது. அந்த ஐந்து வருடம் நம் கஜானாவில் இருந்தது, மகளே. அதைப் பிரிட்டன் மேல் போட முடியாது. ஊழல் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. எனக்கு அதற்கு வேறு பெயர் தெரியவில்லை.

பெண்கள் பட்டினி கிடந்து, தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகு 1982இல் இன்னும் 40 லட்சம் பவுண்டு வந்தது. அதை வாங்கும்போது ஆங்கிலச் சட்ட மொழியில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். திரும்பிப் போகும் உரிமை எனக்கு வேண்டாம் என்பதுபோல் அதில் எழுதியிருந்தது. படிக்கத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள்.

இந்தமுறை சாகோஸ் மக்களுக்கென்று 4 கோடி பவுண்டில் ஓர் அறக்கட்டளை நிதி என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதை மொரீஷியஸ் அரசு நிர்வகிக்கும். ஒப்பந்தப்படி மற்றத் தீவுகளில் குடியேறலாம், ஆனால் கிரான்மேர் பிறந்த தியேகோ கார்சியாவில் முடியாது. இதைச் சுற்றி வளைக்காமல் அவரிடம் சொல்லிவிடு.

அவரிடம் பழைய தகரப்பெட்டி ஏதாவது இருக்கும். ஞானஸ்நானச் சீட்டு, வந்த கப்பலைப் பற்றிய துண்டு, 1978இல் பணம் வாங்கிய காகிதம், எதுவாக இருந்தாலும் உன் கைபேசியில் படம் எடுத்து, அசலை அவரிடமே கொடு. யாராவது படிவம் கொண்டுவந்தால் அன்றே கையெழுத்துப் போடவேண்டாம் என்று சொல். நீ கிரியோலில் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டு. உனக்குப் புரியாத வரி இருந்தால் இந்த இதழின் முகவரிக்கு அனுப்பு. நான் ரோஷ் புவாவுக்கு வருகிறேன்.